ஈதர்நெட் வலையை அளத்தலும் அளந்ததை உரைத்தலும்

அளவையின்றி வாணிகம் இல்லை. அளவையில் ஒப்புரவின்றி நம்பிக்கை இல்லை. நம் ஊர்க் களங்களில் நெல் அளந்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். படி ஒன்றேயாயினும், வாய்மட்டத்திற்குத் தலை தட்டி அளந்த படி வேறு. கூம்பாகக் குவித்து அளந்த படி வேறு. ‘பத்துப் படி கொடுத்தேன்’ என ஒருவன் கூறின், கேட்போன் ‘தலை தட்டியதோ, குவித்ததோ?’ என்று உடனே வினவுவான். அவ்வினாவிற்கு விடை கிடைக்குங்காறும் பத்து என்னும் எண்ணைக்கொண்டு எவரும் கணக்கு முடிக்கமாட்டார்.

கல்லூரிகள், மருத்துவமனைகள், வங்கிகள் முதலிய இடங்களிற் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது ஈதர்நெட் என்னும் வலை. அதன் ஆற்றலை அளக்கும்போதும் களத்துமேட்டின் அவ்வினாவே எழுகின்றது. இலக்கியம் பயிலும் மாணவனாகிய யான் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்றாயினும், அதனை முதற்கண் கூறிவிடுதலே முறையாகும்.

விடுதிப் படிப்பறைக்குப் புதிதாக ஈதர்நெட் கம்பி இழுக்கப்பட்டது. நொடிக்கு 1000 மெகாபிட் செல்லத்தக்கது என்பது ஒப்பந்தம். சில நாட்களுக்குள் ‘வலை மந்தமாக இருக்கின்றது’ என்று மாணவர் முணுமுணுக்கலாயினர். பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரும் யானும் ஒரு மாலைப்பொழுதில் இரண்டு கணிப்பொறிகளை அவ்வலையில் இணைத்து, பெரியதொரு கோப்பினை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு அனுப்பிப் பார்த்தோம். நொடிக்கு 11.8 மெகாபைட் வீதமே அது சென்றது. எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட் ஆகலின், இது நொடிக்கு 94 மெகாபிட் அளவாகும். சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முறையீட்டுக் கடிதம் எழுதும் பணி தமிழ் மாணவன் என்ற காரணத்தால் என் தலையில் விழுந்தது. யானும் என் நடைத்திறனையெல்லாம் காட்டி, கம்பி இழுத்த பெரியவர் தரங்குறைந்த பொருளை இட்டு ஏமாற்றினார் என்று பொருள்படும்படி எழுதிக் கொடுத்தேன். அக்கடிதத்தில் இருந்த எண் ஒன்றே ஒன்று. அதன் பயன் யாதாயிற்று என்பதனை இறுதியிற் கூறுவேன். அதற்குமுன் அளத்தலின் முறையினை அறிதல் வேண்டும்.

ஈதர்நெட் என்னும் பெயர் 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் தோன்றியது. அமெரிக்க நாட்டுப் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ராபர்ட் மெட்காஃப் என்பார், தாம் எழுதிய குறிப்பொன்றில் இப்பெயரை வழங்கினார். ஒளி செல்லுதற்கு ‘ஈதர்’ என்னும் நுண்பொருள் ஊடகமாக எங்கும் நிறைந்துள்ளது என்று முற்காலத்துப் பௌதிக அறிஞர் கருதினர். 1887-இல் மைக்கேல்சன், மார்லி என்னும் இருவர் செய்த சோதனையில் அதன் தடம் காணப்படவில்லை. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாய் நின்று செய்தியைச் சுமக்கும் கம்பிக்கு அப்பழைய பெயர் பொருத்தமாயிற்று. மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அமைத்த முதல் வலை நொடிக்கு 2.94 மெகாபிட் வேகமுடையதாக இருந்தது. பின்னர் 10, 100, 1000 என்று அவ்வேகம் பெருகிக்கொண்டே வந்துள்ளது.

இவ்வலையிற் செய்தி ஆற்று நீர்போல் இடையறாது ஓடுவதில்லை. சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டே செல்கின்றது. ஒவ்வொரு பொதிக்கும் சட்டகம் என்று பெயர். பொதுவழக்கில் ஒரு சட்டகத்தின் மிகக் குறைந்த அளவு 64 பைட். மிகுந்த அளவு 1518 பைட். அதில் 18 பைட் முகவரிக்கும் பிழை காண்டற்கும் உரியது, எஞ்சியதே சரக்கு. அன்றியும், ஒவ்வொரு சட்டகத்திற்கும் முன்னே 8 பைட் அளவுள்ள கட்டியக்குறி ஒன்று செல்லும். இரண்டு சட்டகங்களுக்கிடையே 12 பைட் அளவுள்ள இடைவெளி விடப்படும். எனவே 64 பைட் சட்டகம் கம்பியில் 84 பைட் இடத்தையும், 1518 பைட் சட்டகம் 1538 பைட் இடத்தையும் கொள்ளும் என்க.

இனிக் கணக்கிட்டுக் காண்போம். நொடிக்கு 1000 மெகாபிட், அஃதாவது நூறு கோடி பிட், செல்லும் கம்பியில் மிகச் சிறிய சட்டகங்களை அனுப்பின், நொடிக்கு 14,88,095 சட்டகங்கள் செல்லலாம். மிகப் பெரிய சட்டகங்களாயின் 81,274 மட்டுமே செல்லும். கம்பி ஒன்றே, வேகமும் ஒன்றே. எனினும் எண்ணிக்கை பதினெட்டு மடங்கு வேறுபடுகின்றது. சரக்கின் அளவை நோக்கின் நிலைமை தலைகீழாகும். சிறிய சட்டகத்தில் 84 பைட்டுக்கு 46 பைட்டே சரக்கு. நூற்றுக்கு 55 பங்கினும் குறைவு. பெரியதில் 1538-க்கு 1500, நூற்றுக்கு 97.5 பங்கு.

கோப்புகளை அனுப்பும்போது இச்சரக்கினுள்ளும் இன்டர்நெட் விதிமுறைகளின் தலைப்புகள் இடம்பெறும். வழக்கமான அமைப்பில் அவை 52 பைட் கொள்ளுமாயின், எஞ்சுவது 1448 பைட். இவ்வாறு நோக்கின், குற்றமேதுமில்லாத 1000 மெகாபிட் கம்பியிற் கோப்பு செல்லும் மிக உயர்ந்த வேகம் நொடிக்கு 941 மெகாபிட் அளவேயாகும். இதனை அறியாதான் ‘59 மெகாபிட்டை எவனோ களவாடினான்’ என்று கூக்குரலிடுவான். அதே வேகத்தை நொடிக்கு 117.7 மெகாபைட் என்று கூறுவாரும் உளர். மெகாபைட் என்பதைப் பத்து லட்சம் பைட் என்று கொள்ளாது 10,48,576 பைட் என்று கொண்டு 112.2 என்று கூறுவாரும் உளர். இம்மூன்று எண்களும் ஒரே உண்மையின் மூன்று உருவங்கள். எந்த அலகில், எந்த இடத்தில் எண்ணியது என்பதைக் கூறாவிடின் அவை ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றும்.

இக்குழப்பத்தை நீக்குதற்பொருட்டே இன்டர்நெட் எஞ்சினியரிங் டாஸ்க் போர்ஸ் என்னும் அமைப்பினர் அளவை நூல்களை வகுத்தனர். 1991-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1242 என்னும் ஏடு, அளவைச் சொற்களுக்கு இலக்கணம் கூறிற்று. 1999-இல் ஸ்காட் பிராட்னர், ஜிம் மெக்குவேட் என்னும் இருவர் எழுதி வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2544, சோதனை செய்யும் முறைகளையும், அவற்றின் முடிவுகளை எழுதும் முறையினையும் விரித்துரைத்தது. முதலேடு சொல்லதிகாரம் போல்வது. பின்னது செயலும் உரையும் கூறுவது. இலக்கணம் பயில்வோர் இவற்றைப் படிப்பின், வரையறையின் அருமையை ஆண்டும் காண்பர்.

அவ்வேடு கூறும் சோதனைகளுள் தலையாயவை நான்கு. முதலாவது கடப்பு வீதம். ஸ்விட்சு போன்றதொரு கருவியைச் சோதனைப் பொறியின் இரு வாயில்களுக்கு இடையே இணைத்து, ஒரு வாயிலிற் குறித்த வேகத்திற் சட்டகங்களை அனுப்பி, மறு வாயிலில் வருவனவற்றை எண்ணுவர். ஒன்றேனும் குறையின் வேகத்தைக் குறைத்து மீண்டும் அனுப்புவர். ஒரு சட்டகமும் இழக்கப்படாது கடத்தத்தக்க மிகுந்த வேகம் எதுவோ, அதுவே கடப்பு வீதம். பத்து லட்சத்தில் ஒன்று போனால் என்ன என்று கண்ணைமூடிக்கொள்ள இவ்விலக்கணம் இடந்தரவில்லை. முடிவைக் கூறுதற்கு முன் அவ்வேகத்தில் 60 நொடியேனும் சோதித்தல் வேண்டும். சில நொடிகளில் முடியும் சோதனையிற் கருவியின் நினைவறையே மிகையான சட்டகங்களைத் தாங்கிக்கொண்டு, இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டிவிடும். 64, 128, 256, 512, 1024, 1280, 1518 என்னும் ஏழு அளவுகளிலும் இதனைச் செய்தல் வேண்டும். பெரிய சட்டகங்களை எளிதிற் கடத்தும் கருவி, சிறியவை லட்சக்கணக்காய் வந்து மோதும்போது தடுமாறுதல் கூடும்.

இரண்டாவது சுணக்கம். ஒரு சட்டகம் கருவியினுட் புகுந்து வெளிப்படுதற்கு ஆகும் காலம் இது. கடப்பு வீதத்திற் சட்டகங்களை 120 நொடியேனும் ஓடவிட்டு, 60 நொடி கழிந்தபின் அடையாளமிட்ட ஒரு சட்டகத்தை விடுத்து அதன் காலத்தைக் கணிப்பர்; இவ்வாறு இருபது முறையேனும் செய்து சராசரியை எழுதுவர். ஈண்டும் ஒரு நுட்பம் உண்டு. சட்டகம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பின்னரே வெளிவிடும் கருவிக்கு, கடைசிப் பிட் புகுந்த நேரத்திலிருந்து முதற் பிட் வெளிப்படும் நேரம்வரை எண்ணுதல் வேண்டும். புகப்புக வெளிவிடும் கருவிக்கு, முதற் பிட் புகுந்ததிலிருந்தே எண்ணுதல் வேண்டும். 1518 பைட் சட்டகம் ஒன்று 1000 மெகாபிட் கம்பியிற் புகுந்து முடிதற்கே 12.1 மைக்ரோ நொடி ஆகும். எந்த முறையில் எண்ணியது என்று கூறாமல் இரண்டு கருவிகளின் சுணக்கத்தை ஒப்பிடுவது, வாயிற்படியில் நின்றவனுக்கும் வீதிமுனையில் நின்றவனுக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தல் போலும்.

மூன்றாவது இழப்பு வீதம். கருவி தாங்கமாட்டாத வேகத்தில் அனுப்பும்போது நூற்றுக்கு எத்தனை சட்டகங்கள் வீழ்கின்றன என்று காண்பது இது. கம்பியின் முழு வேகத்தில் தொடங்கி, நூற்றுக்குப் பத்தாகக் குறைத்துக்கொண்டே சென்று, அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் இழப்பேயில்லாத நிலை வரும்வரை அளப்பர். நான்காவது தொடர் வரவு. இடைவெளி மிகச் சிறிதாக அடுத்தடுத்து வரும் சட்டகங்களுள் எத்தனையைக் கருவி ஒன்றும் இழவாது தாங்கும் என்பது. இதனை ஐம்பது முறையேனும் செய்து சராசரி காண்டல் வேண்டும்.

அளப்பது இவ்வாறு அரிதாயின், அளந்ததை உரைப்பது அதனினும் அரிது. ஏனெனில், அளக்கும்போது கருவி பொய்கூறாது. உரைக்கும்போது மாந்தன் நெஞ்சு குறுக்கிடும். தனக்குச் சாதகமான எண்ணைமட்டும் பொறுக்கி எடுத்து, ஏனையவற்றை மறைத்துவிட அது தூண்டும். சந்தையில் விளம்பரம் எழுதுவோர்க்கு இவ்வாசை இயல்பு என்பதை அறிந்தே போலும், ஆர்.எஃப்.சி. 2544 ஒரு கட்டுப்பாடு விதிக்கின்றது. கடப்பு வீதத்தை ஒரே எண்ணாற் கூற விரும்புவோர், அவ்வெண்ணுடன் பயன்படுத்திய சட்டகத்தின் அளவு, அவ்வளவிற்குக் கம்பி இடந்தரும் உச்ச வரம்பு, சோதனையில் வழங்கிய விதிமுறை ஆகிய மூன்றனையும் சேர்த்தே கூறல் வேண்டும். முழு அட்டவணையையும் வேண்டுவோர்க்குக் கிடைக்கச்செய்தல் வேண்டும். வரைபடமாகக் காட்டின், கிடைக்கோட்டிற் சட்டக அளவையும் நெடுங்கோட்டிற் சட்டக வீதத்தையும் குறித்து, இயலக்கூடிய உச்ச வரம்பை ஒரு கோடாகவும், கண்ட முடிவை மற்றொரு கோடாகவும் வரைதல் வேண்டும். இரண்டு கோடுகளும் அருகருகே நிற்கும்போது, கருவியின் குறை எது, கம்பியின் இயல்பான எல்லை எது என்பது பார்ப்போர்க்குத் தானே விளங்கிவிடும்.

இன்னும், கருவியின் மென்பொருள் எப்பதிப்பு, அதன் அமைப்பு எவ்வாறு இருந்தது என்பனவும் முடிவுடன் எழுதப்படல் வேண்டும். ஒரு சோதனைக்கு ஓர் அமைப்பும், மற்றொரு சோதனைக்கு வேறோர் அமைப்புமாக மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் சிறந்ததைக் காட்டுதல் முறையன்று.

சராசரியைப்பற்றியும் ஒரு சொல். நூறு சட்டகங்களுள் தொண்ணூற்றொன்பது 10 மைக்ரோ நொடியிலும், ஒன்று 1010 மைக்ரோ நொடியிலும் சென்றன என்று கொள்வோம். சராசரி 20 ஆகும். ஆனால் அந்நூற்றுள் 20 மைக்ரோ நொடியிற் சென்ற சட்டகம் ஒன்றேனும் இல்லை! தொலைபேசிக் குரலோ மருத்துவக் கருவியின் எச்சரிக்கையோ அந்த ஒரு சட்டகத்தில் இருந்திருக்கலாம். ஆகலின் சராசரியோடு நடுவெண், மிகக் குறைந்தது, மிகுந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சட்டகங்கள் எக்காலத்திற்குள் சென்றன என்பது ஆகியவற்றையும் கூறுதல் இக்காலத்து நன்முறையாகும். சோதனையை ஒருமுறை செய்து நிறுத்தாமல், பன்முறை செய்து முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் காட்டல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மேற்கூறிய சோதனைகள் கருவியைத் தாங்கும் எல்லைவரை நெருக்குவன. மக்கள் வழங்கிக்கொண்டிருக்கும் வலையில் இவற்றைச் செய்யின் அவர்தம் பணி சிதையும். அவர்தம் போக்குவரத்து நம் அளவையையும் சிதைக்கும். ஆகவே இவை தனித்து வைக்கப்பட்ட சோதனைக்கூடத்திற்கே உரியன என்று 2012-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6815 வற்புறுத்திக் கூறிற்று. ஈதர்நெட் சேவையொன்றை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும்போது சரிபார்த்தற்கு ஒய்.1564 என்னும் வேறொரு முறையினைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2011-இல் வகுத்துள்ளது.

நிபந்தனையிலிருந்து பிரிக்கப்பட்ட எண் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு ஈதர்நெட் வரலாற்றிலேயே ஒரு சான்று உளது. பழைய ஈதர்நெட்டில் எல்லாப் பொறிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு பொறிகள் ஒருங்கே பேசின் செய்திகள் மோதிச் சிதைந்தன. மெட்காஃபும் பாக்ஸும் 1976-இல் வெளியிட்ட கட்டுரையில் இம்மோதலால் வரும் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டினர். பொறிகள் மிகப் பலவாகி, ஒவ்வொன்றும் 48 பிட் அளவுள்ள மிகச் சிறு பொதிகளையே ஓயாது அனுப்புமாயின், பயன் நூற்றுக்கு 37 அளவிற்கு வீழும். அதே கணக்கின்படி 4096 பிட் பொதிகளாயின் பயன் நூற்றுக்கு 95-க்கும் மேலாகும். இவ்விரண்டனுள் முன்னதுமட்டும், அதன் நிபந்தனை கழன்று வீழ, ‘ஈதர்நெட் 37 விழுக்காட்டிற்குமேல் தாங்காது’ என்னும் ஊர்ப்பேச்சாக உலாவலாயிற்று. 1988-இல் பாக்ஸ், மொகல், கென்ட் என்னும் மூவர் மெய்யான வலையொன்றை அளந்து, இதனையும் இதுபோன்ற பிற கட்டுக்கதைகளையும் மறுத்துக் கட்டுரை வெளியிட்டனர். இக்காலத்திலோ ஒவ்வொரு பொறிக்கும் ஸ்விட்சிலிருந்து தனிக்கம்பி செல்கின்றது. போவதற்கும் வருவதற்கும் வெவ்வேறு வழியுண்மையால் மோதலே இல்லை. எனினும் அக்கதை புகட்டும் பாடம் மறையவில்லை. 37 என்பது பிழையான எண்ணன்று; ‘தலை தட்டியதோ, குவித்ததோ’ என்று வினவாமல் வாங்கிக்கொண்டதே பிழை.

இனி என் கடிதத்திற்கு வருவோம். விடுதி வார்டன் அப்பெரியவரை அழைப்பித்து அதனைப் படித்துக் காட்டினார். முப்பதாண்டாகக் கம்பி இழுத்துப் பிழைப்பவர் அவர். முகம் வாடிச் சிறிதுநேரம் நின்றவர், சினமேதும் காட்டாமல் என்னை நோக்கி, “தம்பி, சுவரிலிருந்து கணிப்பொறிக்கு எந்த ஒயரைப் போட்டுச் சோதித்தீர்கள்?” என்று ஒரே ஒரு வினா வினவினார். யாங்கள் எங்கள் அறையிற் கிடந்த பழைய ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தோம். அவர் அதனைச் சோதித்துப் பார்த்து, உள்ளேயிருந்த நான்கு இணைக் கம்பிகளுள் ஓர் இணை அறுந்திருப்பதைக் காட்டினார். 1000 மெகாபிட் வேகத்திற்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணை போதும். அறுந்த ஒயரைக் கண்ட பொறிகள், தாமே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டன. யாங்கள் கண்ட 94 மெகாபிட், குற்றமற்ற 100 மெகாபிட் கம்பி தரும் உச்ச வேகமேயன்றி வேறில்லை. ஒயரை மாற்றியவுடன் 941 வந்தது. மாணவர் முணுமுணுத்த மந்தமோ, ஒரே மாலைப்பொழுதில் அனைவரும் வெளியுலக இணைப்பை நாடியதனால் நேர்ந்தது; அவர் இழுத்த கம்பிக்கும் அதற்கும் தொடர்பேயில்லை.

எம் எண் சரியானதே. எம் கருவியும் பொய்யுரைக்கவில்லை. எந்த ஒயர், எந்தப் பொறிகள், இணைப்பு எந்த வேகத்தில் அமைந்தது, எந்நேரம், எத்தனை முறை என்ற இவற்றுள் ஒன்றையேனும் கடிதத்தில் எழுதியிருப்பின், எழுதும்போதே பிழை எமக்குப் புலனாகியிருக்கும். அவற்றை எழுதாமல், அவ்விடத்தை யான் அணிநலத்தால் நிரப்பினேன். ஓர் உழைப்பாளியின் நற்பெயர் அதனால் ஒருநாள் முழுதும் ஊசலாடிற்று. யாங்கள் அவரிடம் பொறுத்தருளக் கேட்டுக்கொண்டு, அளந்த முறை, முடிவு, எம் பிழை ஆகிய மூன்றையும் விளங்க எழுதி வார்டனிடம் இரண்டாங் கடிதம் கொடுத்தோம். முதற் கடிதத்தினும் அது நீண்டது. அலங்காரம் ஒன்றும் இல்லாதது.

நல்ல அறிக்கை எது என்று ஒருவர் வினவின் விடை இதுவே: அதனைப் படித்த வேறொருவர், எழுதியோனைக் கேளாமலே, அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதுவோன் தன் பிழையைப் பிறர் காணுதற்கு வாயிலைத் திறந்தே வைக்கின்றான். கணிப்பொறி பயில்வோர்க்கேயன்றி, எண்ணையோ சொல்லையோ கொண்டு பிறர்மேல் தீர்ப்புரைக்கப் புகும் எல்லார்க்கும் இஃது ஏற்றதாகும். ஆகலின், இனி எவரேனும் நம்மிடம் ஓர் எண்ணைக் கொடுப்பாராயின், ஏற்குமுன் களத்துமேட்டு வினாவை வினவுவோமாக. நாம் ஓர் எண்ணைக் கொடுப்பின், வினவாமுன்னரே அதற்கு விடையும் சேர்த்துக் கொடுப்போமாக.